திருநீலகண்ட நிறத்தில் ஒரு பிளஷர் கார்

உவர்க்காற்று தீண்டும் கோபுரத்தின்கீழ் உமையொரு பாகனாய் எழுந்தருளியிருக்கும் பெருமானே, அடியேன் சொல்லில் பொய் கலவாது காத்தருள்க. ஒருவரைப் புகழப் புகுந்தால் மிகைப்படுத்தவும், அவர் குறையைச் சொல்ல நேர்ந்தால் உள்ளூர மகிழவும் விரும்புகின்ற இந்த மனத்தை, எழுதி முடிக்கும் வரையிலாவது உன் திருவடிக்கீழ் இருத்துக.

இன்று மாசி மகம். சுற்றூர்த் தெய்வங்கள் எல்லாம் மரக்காணத்துக் கடலில் நீராடித் திரும்பிவிட்டன. அடியேனும் மூழ்கி எழுந்து, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு, இந்த நன்னாளில் ஒருவரைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் வீட்டார் இன்னும் இவ்வூரில் இருக்கிறார்கள். பெயரைக் கண்டால் வருந்தமாட்டார்கள். ஆனால் ஏன் எழுதினீர், எதற்காக இப்போது எழுதினீர், யார் கேட்டு எழுதினீர் என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். கேட்பது அந்தக் குடும்பத்தின் குணம். அது அவரிடமிருந்து வந்தது.

அவர் உப்பளக்காரர். எழுபதுகளில் இவ்வூரில் சொந்தப் பாத்தி வைத்திருந்த சிலருள் ஒருவர். அடியேன் அக்காலத்தில் கோயிலில் திருமுறை ஓதும் பணியில் இருந்தேன். மாலை வழிபாட்டுக்கு அவர் தவறாமல் வருவார். வருபவர்கள் பெரும்பாலும் கைகூப்பிக் கண்மூடி நிற்பார்கள். இவர் ஓதுகின்றவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். தீபாராதனை முடிந்ததும் அருகில் வந்துவிடுவார்.

"ஓதுவாரே, அம்மையும் அப்பனும் ஒரே உடம்புன்னு பாடுனீங்களே. ஒரு காதுல தோடு, ஒரு காதுல குழை. அந்தத் தோடு என்ன கல்லு?"

"அதைப் பாட்டில் சொல்லவில்லையே, ஐயா."

"பாடுனவரு பார்த்துத்தானே பாடியிருப்பாரு? பார்த்தவரு கல்லைப் பார்க்காமயா இருந்திருப்பாரு?"

அதன் பிறகு அந்தப் பதிகத்தை ஓதும்போதெல்லாம் அம்மையின் காதருகே என் கருத்து ஒரு கணம் நின்று போகும்.

அவர் கேள்விகளில் இடம் பொருள் ஏவல் இராது. முடி திருத்துபவரிடம் கத்தியைத் தோலில் தீட்டுவது ஏன் என்பார். கட்டுமரம் தள்ளும் எக்கியார்குப்பத்து மீனவர்களை நிறுத்தி, கயிற்றுக்கு ஏன் இந்த முடிச்சு என்பார். என் தந்தையார் இறந்த வீட்டுக்கு வந்தவர், மாலையைச் சாத்திவிட்டு நேரே என்னிடம் வந்து, "கடைசியா என்ன பேசினாரு?" என்றார். உறவினர் முகம் சுளித்தனர். வேறு எவரும் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டதால் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதால் தந்தையின் அச்சொல் இன்றுவரை என்னிடம் தங்கியிருக்கிறது. அவரை விரும்புவதா அஞ்சுவதா என்று தெரியாதவர்கள் ஊரில் பலர். அன்று முதல் அடியேன் விரும்புகிறவர்களின் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

உப்பளத்தின் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதன்று. கீழே பரந்த உப்பும் நீரும் வெயிலை வாங்கி முகத்தில் எறியும். பலருக்குக் கண்ணைக் கூசச் செய்யும் அந்த ஒளி, அவர் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். பார்வை முற்றும் போன பிறகும் அவர் சிறிது காலம் உப்பளத்துக்குப் போய்வந்தார். ஒருநாள், பாத்திகளுக்கு நடுவே ஓடும் குறுகிய வரப்பில் கால் வழுக்கி, வேலை செய்யும் ஆண் பெண் அனைவர் முன்னிலையிலும் உவர்நீரில் விழுந்தார். இருவர் பிடித்துத் தூக்கினர். ஒருவர் கையைப் பற்றி வீடுவரை அழைத்துவந்தார். அன்றோடு உப்பளம் போவதை நிறுத்திக்கொண்டார். மனைவியின் தம்பி பொறுப்பேற்றார். கெட்டவர் அல்லர், ஓடியாடி உழைப்பவர். ஆயினும் பருவம் ஒன்று கழிவதற்குள், 'மொதலாளி' என்றால் யார் என்று தொழிலாளர்கள் சற்று யோசிக்கத் தொடங்கியிருந்தனர்.

இந்த நிலையில்தான் கார் வந்தது. அக்காலத்தில் கார் வேண்டுமென்றால் முன்பணம் கட்டிப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐந்தாறு பேர் உட்காரும் குடும்பக் கார், பிளஷர் என்பார்கள். பார்வை இருந்த நாளில் ஆசையோடு பதிந்து வைத்தவருக்கு, பார்வை போன பிறகு முறை வந்தது.

செய்தி வந்த அன்று மாலை அடியேன் அவர் வீட்டில் இருந்தேன். மைத்துனர் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு எதுக்கு இப்ப கார்? என் பேருக்கு மாத்திக் குடுத்துருங்க. எங்க போகணும்னாலும் நானே கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போறேன்னு சொல்ற பாரு மச்சான், அந்த வார்த்தை காதுல விழக் கூடாதுன்னுதான் எனக்கு வண்டி வேணும்" என்றார் அவர்.

அவர் மனைவி உள்ளிருந்து, "கார் என்ன வரப்பு மேலயா ஓடப் போவுது? ரோட்டோட நின்னுடும். அப்புறம் யாரு கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். வீட்டில் இருந்த அனைவருக்கும் ஒன்று விளங்கியது. அந்த வரப்பில் மறுபடி எவர் கையையும் பிடிக்காமல் நடந்தால் அவர் முதலாளி. நடக்காவிட்டால் இனி நடுக்கூடத்து நாற்காலிதான் அவர் இடம்.

காரைத் தேர்ந்தெடுக்கப் புதுச்சேரிக்கு அவரும் மனைவியும் மைத்துனரும் புறப்பட்டபோது, என்னையும் வரச் சொன்னார். "அடியேனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்றேன்.

"கார் தெரிய வேணாம். நீங்கதானே சாமியக் கால்ல ஆரம்பிச்சு முடி வரைக்கும் ஒண்ணு விடாமப் பாடுறவரு? அதே மாதிரி எனக்கு அதச் சொல்லணும். விக்கிறவன் சொன்னா வேணுங்கறதத்தான் சொல்லுவான்."

பாதாதிகேசம் என்பது அடியார்கள் இறைவனின் திருவடியில் தொடங்கித் திருமுடி வரை கண்டு பாடும் முறை. இரும்பு வண்டிக்கு அதைச் செய்வது தகுமா என்று பேருந்தில் ஏறியதிலிருந்து மனம் குழம்பியது. அவரோ சன்னலோரம் அமர்ந்து, "செம்மண் வாசனை வருதே, குயிலாப்பாளையம் தாண்டிட்டமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

காட்சிக்கூடத்தில் இருந்த விற்பனையாளர் கழுத்துப் பட்டி அணிந்த நல்ல மனிதர். "சாதா இருக்குது, டீலக்ஸ் இருக்குது. எது பார்க்கிறீங்க?" என்றவர், பார்க்கிறீங்க என்று சொல்லிவிட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ரெண்டையும் பார்க்கிறேன்" என்று கையை நீட்டினார் அவர்.

அடியேன் தொடங்கினேன். "அடியில் நான்கு சக்கரங்கள், ஐயா. டீலக்ஸில் ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமான வெள்ளித் தட்டு."

அவர் குந்தி உட்கார்ந்து தட்டைத் தடவினார். "சிலம்பு மாதிரியா, தண்டை மாதிரியா?"

"தண்டை மாதிரி. ஆனால் ஒலி வராது."

"சரி, மேல போங்க."

"இடையில் முன்னிருந்து பின்வரை பளபளப்பான பட்டை ஓடுகிறது. அரைஞாண் போல. இது சாதாவில் இல்லை."

அவர் விரல் அந்தப் பட்டையின் கீழ்விளிம்பில் ஊர்ந்தது. "இது எப்படி நிக்குது? உள்ள ஓட்டை போட்டுச் செருகியிருக்காங்களா?"

"ஆமாங்க, கிளிப்பு" என்றார் விற்பனையாளர்.

"அப்ப எனக்கு வேணாம். எங்க ஊரு காத்து ஓட்டையத் தேடிக்கிட்டு வரும்."

"நல்லாயிருக்கே கதை" என்றார் மனைவி. "அரைஞாண் கட்டாத குழந்தையக்கூட யாரும் வெளிய தூக்கிட்டுப் போவ மாட்டாங்க. பட்டை வேணும்."

அவர் சற்று யோசித்தார். "சரி, இருக்கட்டும். துருப் புடிச்சா ஒங்க அக்காவக் கேளு மச்சான்." பின்னாளில் அது துருப்பிடிக்கவும் செய்தது. துடைக்கும் வேலையை அந்த அம்மையார் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

முகத்துக்கு வந்தோம். இரு விளக்குகள், இடையில் வரிசையாக வெள்ளிக் கம்பிகள் என்றேன். அவர் இரண்டு கைகளாலும் அந்த முகத்தைப் பற்றிக்கொண்டு கேட்டார்: "சிரிக்குதா, கடிக்க வருதா?"

அதுவரை நான் அப்படிப் பார்த்திருக்கவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தேன். "சிரிக்கிறது, ஐயா. கொஞ்சம் அடக்கமாக."

"அப்ப வாங்கலாம்."

உள்ளே அமர்ந்ததும் கேள்விகள் மழையாயின. முன் இருக்கை ஏன் ஒரே நீளம்? கியர்க் கம்பி ஏன் ஸ்டியரிங்கோடு ஒட்டி நிற்கிறது? கதவோரத்து முக்கோணக் கண்ணாடி எதற்கு? அதைத் தள்ளினால் காற்று எந்தப் பக்கம் வரும்? விற்பனையாளர் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றையும் திருகி, இழுத்து, அழுத்திப் பார்த்தார். டீலக்ஸில் மட்டும் இருந்த கடிகாரத்தில் காதை வைத்துக் கேட்டு, "வேணும்" என்றார். ஒரு குமிழை அழுத்தினார். "ஐயோ சார், அது சிகரெட் பத்த வைக்கிறது" என்று விற்பனையாளர் பாய்வதற்குள், வெளியே துள்ளிய குமிழின் முனையில் விரலை வைத்துவிட்டார். சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே, "இவ்ளோ சீக்கிரம் எப்படிச் சூடாவுது?" என்று கேட்டார்.

"கதவைத் திறந்தா மேல ஒரு லைட்டு தானா எரியும், சார். அது டீலக்ஸுக்கு மட்டும்" என்ற விற்பனையாளர், மறுபடி தயங்கினார். "உங்களுக்கு அது தேவைப்படாதுன்னா..."

"எங்கூட வர்றவங்க இருட்டுலயா உக்காருவாங்க? போடுப்பா."

இறுதியாக நிறம். மைத்துனர் வெள்ளை என்றார். வெயில் ஏறாது என்றார். நியாயமான சொல். அவர் தலையசைத்து மறுத்தார்.

"உப்பளத்துல வெள்ளை வண்டி யாரு கண்ணுக்குத் தெரியும்? உப்பு மேடு ஒண்ணு நகர்றாப்பல இருக்கும். நான் முன்னெல்லாம் குடை புடிச்சு நடந்து வர்றப்ப ரொம்ப தூரத்துலயே பார்த்துடுவாங்க. குந்தியிருக்கிறவன் எந்திரிப்பான், புகைக்கிறவன் அணைப்பான். அதுக்கு நேரம் குடுக்கணும். சத்தமில்லாமப் போயி நின்னா, வேவு பார்க்க வந்திருக்கான்னு நினைப்பாங்க. எனக்குத்தான் தெரியாது, அவங்களுக்காவது நான் வர்றது தெரியட்டும். இருக்கிறதுலயே கருப்பான கலரு எது?"

"கருநீலம் இருக்குது சார்."

"கருப்பா?" என்று மனைவி பதறினார். "நல்லது கெட்டதுக்குப் போற வண்டி. பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தனர். நஞ்சை உண்டு அமரர்களைக் காத்த பெருமானின் கண்டம் அந்த நிறம்தான், அதனால்தான் அவன் திருநீலகண்டன், அதைவிட மங்கலமான நிறம் அடியேனுக்குத் தெரியாது என்றேன். அம்மையார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கேட்டுக்கிட்டியாப்பா?" என்றார் அவர் விற்பனையாளரிடம். "சாமி தொண்டைக் கலருன்னு எழுதிக்க."

கார் வந்தது. உப்பு லாரி ஓட்டிப் பழகிய நடுவயதுக்காரர் ஒருவர் ஓட்டுநராக அமர்ந்தார். இனி உப்பளம் போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அவர் போகவில்லை. கோயிலுக்கு வந்தார். கடற்கரைக்குப் போனார். உப்பளம் பிரியும் திருப்பத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால், "நேரா போ" என்பார். மற்ற நேரமெல்லாம் வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்குள் அமர்ந்து, கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாய், போவோர் வருவோரிடம் அது எப்படி இருக்கிறது என்று விசாரித்தபடி இருந்தார்.

"பொண்ணு பார்த்துக் கட்டிக்கிட்டவரு மாதிரி அதுலயே குடித்தனம் பண்றாரு" என்று என்னிடம் நொந்துகொண்டார் மனைவி. "எதுக்கு வாங்கினாரோ அத மட்டும் செய்ய மாட்டேங்கிறாரு, ஓதுவாரே."

மழைக்காலத்தில் மூழ்கிக் கிடந்த பாத்திகளைச் சீர்செய்து, நீர் பாய்ச்சி, வெயிலில் உப்பு விளையப் பங்குனி ஆகிவிடும். அவ்வாண்டின் முதல் உப்பை வாரும் நாளில் பாத்தியருகே பூசையிட்டு, வாரிய உப்பில் முதற்பங்கை முதலாளியின் மேல்துண்டில் இடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பாத்தியின் கரையில் நின்றுதான் வாங்க வேண்டும். யார் துண்டில் அது விழுகிறதோ, அந்தப் பருவத்துக்கு அவரே முதலாளி. முந்தைய ஆண்டு மைத்துனர் வாங்கியிருந்தார். நோயாளியின் சார்பில் வாங்கியதாக ஊர் எடுத்துக்கொண்டது. இந்த முறையும் அவரே வாங்கினால் அப்படி எடுத்துக்கொள்ளாது.

அந்த வாரம் மைத்துனர் வந்து, "திங்கக்கிழமை மொதல் உப்பு வாருறோம், மாமா. நீங்க அலைய வேணாம், பூசைய நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அவர் அன்று எதுவும் கேட்கவில்லை. அடியேன் அறிந்தவரையில் ஒரு செய்தியைக் கேட்டு அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

திங்கட்கிழமை காலை என்னை அழைத்துவர கார் வந்தது. பின்னிருக்கையில் வெள்ளை வேட்டியும் துண்டுமாக அவர் அமர்ந்திருந்தார். திருப்பத்தில் ஓட்டுநர் வழக்கம்போல் நேரே போக முனைந்தபோது, "திருப்புப்பா" என்றார்.

உப்பளத்து மண்பாதையில் கார் மெல்ல ஊர்ந்தது. சுற்றிலும் கண்கூசும் வெண்மை. அதற்கு நடுவே எங்கள் வண்டி மட்டும் கருத்துத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன பண்றாங்க?" என்றார்.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க மொதலாளி. நம்மளத்தான் பார்க்கிறாங்க" என்றார் ஓட்டுநர்.

பாதை முடிந்த இடத்தில் வண்டி நின்றது. பூசை நடக்கும் பாத்திக்கு அங்கிருந்து வரப்பின்மேல்தான் போக வேண்டும். அவர் இறங்கவில்லை. கை கதவின் கைப்பிடியில் இருந்தது, திருகவில்லை. கடிகாரம் ஓடும் ஓசை மட்டும் கேட்டது. அதற்குள் மைத்துனர் விரைந்து வந்து சன்னலருகே குனிந்தார்.

"வந்துட்டீங்களா மாமா. ரொம்ப சந்தோஷம். நீங்க இப்படியே உக்காருங்க, உப்ப இங்க கொண்டாறச் சொல்றேன். நானே உங்க துண்டுல போடுறேன்."

அன்போடுதான் சொன்னார். கேட்டவர் முகம் வெளிறியது.

மைத்துனருக்குப் பின்னால் வயதான தொழிலாளி ஒருவர் உப்பு வாரும் மரப்பலகையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். அன்று முதலாளி வரப்பில் விழுந்தபோது முதலில் ஓடிவந்து தூக்கிய பெண்மணி. அந்தப் பெண்மணி சொன்னார்: "கார்ல குந்திக்கிட்டு வாங்கறதுக்கு இது என்ன ஓட்டல் இட்லியா?"

யாரோ சிரித்தார்கள். மைத்துனர் அதட்டத் திரும்பினார். அவரோ சன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, "வரப்பு எப்படி இருக்குது, ஆயா? வழுக்குமா?" என்றார்.

"வழுக்கும். போன தடவ வழுக்கலியா?"

"அகலம்?"

"கழுதை போவலாம். நீ போவ மாட்டியா?"

அவர் கதவைத் திறந்தார். இறங்கினார். தானாகவே நீண்ட மைத்துனரின் கையை உணர்ந்து, "கையை எடு, மச்சான்" என்றார் மெல்ல.

அந்தப் பெண்மணி அவரைத் தொடவில்லை. திரும்பி வரப்பில் ஏறி, பலகையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் விளிம்பை வரப்பின் ஓரமாக இழுத்துக்கொண்டே நடந்தார். கெட்டிப்பட்ட மண்ணில் அது கரகரத்தது. ஈரத்தில் வழவழவென்று மெலிந்தது. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓசையின் பின்னால் அடியெடுத்து வைத்தார். பாத்திகளில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, அவரவர் வேலையைப் பார்க்கலானார்கள். எவரும் சொல்லிச் செய்யவில்லை.

கேள்விகளும் கூடவே போயின. இடப்பக்கப் பாத்தியில் உப்பு பூத்துவிட்டதா? அது யார் இருமுவது? தண்ணீர் எதுவரை நிற்கிறது? பெண்மணி திரும்பாமலே விடை சொல்லிக்கொண்டு போனார். பாதி வழியில் முதலாளியின் கால் சறுக்கியது. அடியேன் ஐந்தெழுத்தைச் சொல்லக்கூட மறந்தேன். மைத்துனர் ஓரடி முன்வைத்து நின்றார். சறுக்கியவர் கைகளை விரித்து, உடம்பை நிலைப்படுத்தி, அப்படியே நின்றார். பலகை ஓசையும் நின்றது. அவர் மூச்சு விட்டதும் மீண்டும் எழுந்தது.

பாத்தியின் கரையில் நின்று துண்டை விரித்தார். முதல் உப்பு அதில் விழுந்தது. முடிந்துகொண்டு, வந்த வழியே, வந்த விதமாகவே திரும்பினார்.

முழங்கால்வரை வெள்ளைச் சேறு. ஓட்டுநர் கலங்கிப்போனார். "மொதலாளி, கால கழுவிட்டு ஏறுங்க. கீழ புது மேட்டு போட்டிருக்கு. உப்பு பட்டா அடித் தகரத்தையே தின்னுடும்."

"என் கண்ணையே தின்னுச்சு. அதுக்கே நான் கோவிச்சுக்கல. தகரத்தத் தின்னா தின்னுட்டுப் போவுது" என்று சொல்லி, சேற்றுக் காலோடு ஏறி அமர்ந்தார்.

கதவைச் சாத்தியவர் மைத்துனர். சாத்திவிட்டும் போகவில்லை. சன்னலில் கைவைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் காதில் விழும்படியாகவே கேட்டார்: "நாளைக்கு எப்ப வர்றீங்க, மாமா?"

"நீ எப்ப வர்ற, மச்சான்?" என்றார் அவர்.

"விடியறப்பவே வந்துடுறேன்."

"அப்ப நானும் வந்துடுறேன். வண்டிய எடுப்பா."

இதனைப் படித்தவர்களும், படிக்கக் கேட்டவர்களும், அவர்தம் மனையும் மக்களும் சுற்றமும், கண்ணில் ஒளியும் காலில் உறுதியும் நாவில் நல்ல கேள்வியும் குன்றாமல் பெற்று, திருநீலகண்டன் திருவருளால் நெடிது வாழ்க.